ஒரு நிபுணர், இரண்டு ஆஸ்பத்திரி: வாசகர் கேள்வியும் பதிலும்

இம்மாதம் வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் வைத்திய நிபுணர்களை ஆஸ்பத்திரிகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, புதியவர்களை எங்கே பயிற்றுவது என்பதுதான் அது. எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: தோல் நிபுணர் மாதத்தில் இரண்டு புதன்கிழமை வருவார் என்று ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதியிருக்கிறது. மூன்று தரம் போனேன். இரண்டு தரம் "இண்டைக்கு டொக்டர் வரயில்ல" என்று திருப்பிவிட்டார்கள். கிழக்கு மாகாண சபையால் எங்களுக்கென்று ஒரு நிபுணரை நியமிக்க ஏலாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுவான்கரை)

பதில்: ஏலாது. சபை இயங்கினாலும் இயங்காவிட்டாலும் ஏலாது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் பொது வைத்தியசாலை, கிராமிய வைத்தியசாலை, மகப்பேற்று மனை, மருந்தகம் ஆகியவற்றை அமைத்து நடத்தும் பொறுப்பை மாகாணத்திடம் கொடுத்தது. போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளும் மத்திய அரசிடமே நின்றன. அம்பாறைப் பொது வைத்தியசாலையும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும்கூட இன்று மத்திய அமைச்சின் கீழ்தான். கட்டடம் யாருடையதாக இருந்தாலும், நிபுணரை நியமிக்கிற கடிதம் கொழும்பில் இருந்துதான் வரும். வைத்தியர் சேவை நாடு முழுவதற்கும் ஒன்று.

உங்கள் ஊருக்கு நிரந்தர நிபுணர் வருவதற்கு முதற்படி ஆளணி. அங்கீகரித்த ஆளணிப் பட்டியலில் உங்கள் ஆஸ்பத்திரிக்குத் தோல் நிபுணர் என்று ஓர் இடம் இல்லாவிட்டால், இடமாற்றப் பட்டியலில் அந்த வெற்றிடம் வரவே வராது. யாரும் கேட்கவும் முடியாது. மகஜர் எழுதுகிறவர்கள் "நிபுணர் வேண்டும்" என்று பொதுவாக எழுதுகிறார்கள். "இந்தப் பிரிவுக்கு ஆளணி இருக்கிறதா, இருந்தால் எப்போதிருந்து வெற்றிடம், நிபுணர் தங்க விடுதி இருக்கிறதா" என்று மூன்று கேள்வியாக எழுதினால்தான் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பதில் சொல்ல வேண்டி வரும். ஆதார வைத்தியசாலைக்கு அடிப்படை நான்கு: பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, சிறுபிள்ளை, மகப்பேறு. தோலும் கண்ணும் காது மூக்குத் தொண்டையும் அதற்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் ஊருக்கு வருபவர் வேறோர் ஆஸ்பத்திரியின் ஆள். அந்த ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் விடுவித்தால்தான் வரலாம். அங்கே அவசரம் என்றாலோ, அவருக்குப் பதில் நிற்க ஆள் இல்லை என்றாலோ முதலில் வெட்டுப்படுவது வெளியூர்க் கிளினிக்தான். அதைத் தடுக்க முடியாது. நோயாளிக்கு முன்கூட்டிச் சொல்லலாம். கிளினிக் கொப்பியில் தொலைபேசி எண்ணை எழுதிவைத்து, முதல் நாள் பின்னேரம் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். இதற்குத் தேவை ஒரு எழுதுவினைஞரும் அரைமணி நேரமும்தான், பட்ஜெட் ஒன்றும் தேவையில்லை.

இன்னொன்று, நேரக் கணக்கு. நான்கு மணிநேரக் கிளினிக் என்றால் 240 நிமிடம். புது நோயாளிக்கு 15 நிமிடம், பழைய நோயாளிக்கு 6 நிமிடம் என்று வைத்தால் 8 புதியவர், 20 பழையவர், மொத்தம் 28. பலகையைப் பார்த்து 120 பேர் வந்து நின்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அன்றைக்கு வந்து போகிறவர் நிபுணராக இருந்தும் பயனில்லை. கிரீம் எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். முதலில் வெளிநோயாளர் பிரிவில் பார்த்து, வடிகட்டி, திகதி கொடுத்து அனுப்புகிற ஆஸ்பத்திரிகளில் இது குறைவு.

கேள்வி: பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்குப் போய்வரவே ஒரு நாள் போகிறது. நேரே நிபுணரிடம் போகலாமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? (மீன் வியாபாரி, பொத்துவில்)

பதில்: அரசாங்க ஆஸ்பத்திரியில் மாகாண எல்லை, மாவட்ட எல்லை நோயாளிக்கு இல்லை. மொனராகலைக்குப் போனாலும் பார்ப்பார்கள். ஆனால் நிபுணர் கிளினிக்குக்கு ஒரு துண்டு வேண்டும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வைத்தியர் எழுதியது, அல்லது அங்கே வெளிநோயாளர் பிரிவில் வாங்கியது. ஊரில் எழுதி வாங்கிப் போனால் ஒரு வரிசை மிச்சம்.

கொண்டுபோக வேண்டியவை: பழைய நோய் நிர்ணய அட்டை, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இருந்தால் அறிக்கையோடு படமும் (இறுவட்டாக இருந்தால் இறுவட்டே), இப்போது குடிக்கிற குளிசைகளின் அட்டை. பெயர் சொல்ல வேண்டாம், அட்டையையே பையில் போடுங்கள். "வெள்ளைக் குளிசை, காலையில ஒண்டு" என்று சொல்வதால் யாருக்கும் விளங்காது.

நெஞ்சுவலி என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். நூறு கிலோமீற்றருக்கு மேல் வேன் பிடித்து நிபுணரிடம் ஓட வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வந்து 10 நிமிடத்துக்குள் ஈசீஜீ எடுக்க வேண்டும் என்பது உலக வழக்கு. இரத்தக்குழாயைக் கம்பி விட்டுத் திறக்கும் வசதியை 120 நிமிடத்துக்குள் எட்ட முடியாது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை இருந்த இடத்திலேயே 30 நிமிடத்துக்குள் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வேனில் போகும் நேரத்தில் செத்துப்போகிற இருதயத் தசை திரும்பி வராது. வீட்டில் இருந்து 1990 ஐ அழையுங்கள், அது இலவசம்.

கேள்வி: கல்முனையில் நடந்துபோகிற தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள். இரண்டிலும் அதே பிரிவுகள். இரண்டு நிபுணர்கள் இரவை மாறி மாறிப் பார்த்தால் என்ன? (கடை முதலாளி, கல்முனை)

பதில்: கணக்கு உங்கள் பக்கம். தனியாக நிற்கிற நிபுணருக்கு வருடம் 365 இரவும் அழைப்பு. இருவர் பிரித்தால் ஆளுக்கு 182, 183. லீவு எடுக்கும்போது பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர் "கவர்" பண்ணுவது இங்கே நெடுநாள் வழக்கம். அதை நிரந்தரமாக்கினால் போதுமே என்று தோன்றும்.

சிக்குகிற இடங்கள் வேறு. முதலாவது, வாசல். இன்றிரவு நிபுணர் இல்லாத ஆஸ்பத்திரி வாசலில் குடல்வால் வெடித்த பிள்ளையோடு ஒருவர் வந்து நிற்பார். அவரைத் திருப்புவதா, ஏற்றி அனுப்புவதா, யார் கையொப்பம் இடுவது? எழுதிவைத்த ஒழுங்கு இல்லாவிட்டால் கடமையில் நிற்கும் இளம் வைத்தியர்தான் மாட்டுவார். இரண்டாவது, சத்திரசிகிச்சை முடிந்து வார்டில் கிடப்பவர்கள். சத்திரசிகிச்சை செய்தவர் ஓர் இடம், இரவில் பொறுப்பானவர் வேறிடம். மூன்றாவது, காசு. மேலதிக நேரமும் அழைப்புக் கொடுப்பனவும் அவரவர் நிறுவனக் கணக்கில் எழுதுவது. ஒன்று மத்தி, ஒன்று மாகாணம் என்றால் அந்தப் பத்திரம் ஒரு மாதம் அலையும். கிழக்கில் மாவட்டம் மூன்று, சுகாதாரப் பிராந்தியம் நான்கு (திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை). அம்பாறை என்ற ஒரே மாவட்டத்துக்குள்ளேயே கடிதம் இரண்டு அலுவலகம் ஏறி இறங்கும்.

ஆகவே கத்தி பிடிக்கிறவரில் இருந்து தொடங்காமல், நோயாளியைத் தொடாத நிபுணர்களில் இருந்து தொடங்குவது புத்தி. எக்ஸ்ரே, சீடி ஸ்கேன் வாசிப்பவர், திசு பார்ப்பவர், நுண்ணுயிரியலாளர். இவர்களைப் பகிர்ந்தால் யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். அங்கும் தவறு நடக்கிறது என்றால் சின்ன விஷயத்தில்தான் நடக்கிறது. வெட்டிய திசுவை அதன் பருமனைப்போல் பத்து மடங்கு ஃபோர்மலின் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) விட்டு, வாயகன்ற போத்தலில் அனுப்ப வேண்டும். குறுகிய வாய்ப் போத்தலில் அமுக்கிப் போட்டால் இறுகிய திசு திரும்ப வெளியே வராது. உப்புநீரில் போட்டால் அழுகிவிடும். பெயரை மூடியில் எழுதாமல் போத்தலில் எழுத வேண்டும், ஏனென்றால் மூடி மாறும். சீடி ஸ்கேன் படத்தைச் சுவரில் பிடித்து கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புவதும் அப்படித்தான். மூளைக்கு ஒரு வெளிச்ச அளவு, எலும்புக்கு இன்னொன்று. படத்தில் ஒன்று மட்டும் வரும், மெல்லிய இரத்தக் கசிவு தெரியாமற் போகும். மூலக் கோப்பு முழுவதையும் அனுப்புவதே சரி.

"எங்கட ஆஸ்பத்திரி, அவங்கட ஆஸ்பத்திரி" என்ற பேச்சு இதற்குள் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றை மூடு என்று தொடங்குகிற எந்தப் பேச்சும் அந்த ஊரில் அன்றைக்கே முடிந்துவிடும். இரவுப் பட்டியலைச் சேர்ந்து எழுதுவதற்கு எதையும் மூடத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மாதம் ஒருமுறை வெளியூர் நிபுணர் வரப்போகிறார். நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? (தாதி உத்தியோகத்தர், மட்டக்களப்பு மாவட்டம்)

பதில்: நல்ல கேள்வி. வருகிற நிபுணரின் திறமையைவிட உங்கள் கூடத்தின் ஒழுங்கில்தான் அந்த நாள் தங்கியிருக்கிறது.

நாள் தெரிவு முதல். செவ்வாய் அல்லது புதன் வையுங்கள். வெள்ளி வேண்டாம், போயாவுக்கு முதல் நாளும் வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பின் இரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில் வந்த நிபுணர் திரும்பிப் போயிருப்பார், விடுமுறை நாளென்றால் மயக்கமருந்து நிபுணரும் இருக்க மாட்டார்.

எந்தச் சத்திரசிகிச்சை என்பது அடுத்தது. குடலிறக்கம், கட்டி அகற்றல், கண்புரை போன்றவை சரி. குடலை வெட்டித் தைப்பது, தைரொயிட், இரண்டு மூன்று பையின்ட் இரத்தம் போகக்கூடியது எதுவும் வருகைப் பட்டியலில் வரக்கூடாது. கண்புரைக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் மரத்துப்போகும் மருந்து மட்டும் போதும், அன்றைக்கே வீடு. ஆனால் அடுத்த நாள் கண்ணைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். லென்ஸின் வலுவை அளக்கும் இயந்திரம் உங்களிடம் இல்லையென்றால் நோயாளியை முன்கூட்டியே நிபுணரின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அளந்து, அளவை நோயாளியின் பெயர், வலக்கண் இடக்கண் விபரத்தோடு டிக்கட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாளில்) ஒட்டிவையுங்கள். அளவுத் துண்டு மாறினால் லென்ஸும் மாறிப்போகும்.

பட்டியலை நிபுணர் தானே பார்த்த நோயாளிகளைக் கொண்டு போட வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் முழு இரத்தப் பரிசோதனை, சீனி, வயது கூடியவருக்கு ஈசீஜீ, இரத்த வகை. மயக்கமருந்து வைத்தியர் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரல் குடிப்பவர் இருந்தால் நிறுத்தலாமா, எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று எழுதிக் கேளுங்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பட்டினி விடயத்தில் எல்லா இடத்திலும் ஒரே பிழை. "நடுச்சாமத்துக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்" என்று எல்லாருக்கும் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு, கடைசி நோயாளியைப் பின்னேரம் இரண்டு மணிக்கு ஏற்றுவார்கள். சோறு, பாண், பால் தேத்தண்ணி எல்லாம் ஆறு மணிநேரம். தண்ணீரும் பால் விடாத தேத்தண்ணியும் இரண்டு மணிநேரம் வரை சரி. பால் தேத்தண்ணியைத் "தண்ணி" என்று எண்ணிக் குடித்துவிட்டு வருகிறவர் இங்கே நிறைய. கேட்கும்போது "பால் விட்டதா, வெறும் தேத்தண்ணியா" என்றே கேளுங்கள்.

கருவிக் கணக்கு. குடலிறக்க செட் இரண்டுதான் இருக்கிறது என்று வையுங்கள். கருவிகளின் கிருமியை நீராவியால் அழிக்கும் ஓட்டோகிளேவில் 121 பாகையில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் என்று புத்தகத்தில் இருந்தாலும், சூடேறி, காய்ந்து, ஆறி எடுக்க முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் போகும். சத்திரசிகிச்சை ஒரு மணி, கூடம் துடைத்து அடுத்தவரை ஏற்ற 20 நிமிடம் என்றால், எட்டரை முதல் நாலு மணி வரை ஐந்து பேர்தான். ஆறாவது பெயரைப் பட்டியலில் போடாதீர்கள். அந்த ஒருவர் பட்டினி கிடந்து திரும்புவார், அடுத்த மாதம் வரமாட்டார்.

கடைசியாக, இரவு. நிபுணர் போகும் முன், எந்த வைத்தியர் இரவில் பொறுப்பு, எதைக் கண்டால் யாருக்கு அழைப்பது, எதற்கு உடனே ஏற்றி அனுப்புவது என்று மூன்று வரி டிக்கட்டில் அவர் கையால் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் ஞாபகம் இராது.

கேள்வி: வயலில் பாம்பு கடித்தால் நிபுணர் இருக்கிற மட்டக்களப்புக்கே நேரே கொண்டுபோவதா? (விவசாயி, வெல்லாவெளி)

பதில்: இல்லை. விஷமுறிவு மருந்தும் வைத்தியரும் இருக்கிற மிகக் கிட்டிய ஆஸ்பத்திரிக்கு. எது என்று வேளாண்மை தொடங்குமுன் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாதீர்கள், கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் வைத்து ஏற்றுங்கள்.

நிபுணரின் அறிவு தொலைபேசியில் வரலாம், மருந்து வராது. இங்கே பகிர்வு என்பது ஒரு கண்ணாடிக் குழாயில் தொடங்குகிறது. ஒன்றிரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தை உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் இரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. குழாய் பிளாஸ்டிக் என்றாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவியது என்றாலோ நல்ல இரத்தமும் உறையாது, பிழையான முடிவு வரும். சின்ன ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிக் குழாய் முடிந்துபோவது இந்த ஏற்பாடு முழுவதையும் கெடுக்கிற காரணம். நிபுணரை அழைக்கும் வைத்தியர் சொல்ல வேண்டியது: கடித்த நேரம், குழாய் முடிவு, கண் இமை தொங்குகிறதா, இரத்த அழுத்தம், சிறுநீர் போகிறதா, இதுவரை கொடுத்த மருந்து, இப்போது அவரிடம் கேட்பது என்ன. நிபுணர் சொன்னதையும் நேரத்தையும் பெயரையும் டிக்கட்டில் எழுதிவிட வேண்டும்.

கேள்வி: நிபுணருக்குத் தமிழ் தெரியாது, உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. என்ன செய்வது? (இல்லத்தரசி, சம்மாந்துறை)

பதில்: கிளினிக் தாதியிடம் வரிசையில் நிற்கும்போதே சொல்லி வையுங்கள். சின்னப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிப் போகாதீர்கள். உம்மா பிள்ளைக்கு முன்னால் சொல்லாத விஷயம் இருக்கும், அதுவே நோயாகவும் இருக்கும். வலி எப்போது தொடங்கியது, எந்த நேரம் கூடுகிறது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று வரி எழுதிக் கொண்டுபோனால், மொழி தெரிந்த யாரும் வாசித்துச் சொல்லலாம்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நிபுணராக எத்தனை வருடம்? மட்டக்களப்பிலேயே படித்து முடிக்கலாமா? (மாணவி, மருதமுனை)

பதில்: எம்பீபீஎஸ் ஐந்து வருடம். அதைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில், மட்டக்களப்பிலேயே படிக்கலாம். உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். பிறகு சேவைக்காலம். அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துத் தெரிவுப் பரீட்சை. நாட்டில் நிபுணர் பட்டம் கொடுப்பது அது ஒன்றுதான். தெரிவானால் ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி, எம்டீ பரீட்சை, சிரேஷ்ட ரெஜிஸ்ட்ராராக உள்நாட்டில் ஒரு காலம், வெளிநாட்டில் ஒரு காலம், கடைசியில் நிபுணர் சான்றிதழ். துறைக்குத் துறை மாறும். ஒரு பரீட்சையிலும் தவறாமல் போனாலும் பல்கலைக்கழக வாசலில் இருந்து பன்னிரண்டு, பதினான்கு வருடம் என்று மனதில் வையுங்கள்.

முழுவதையும் இங்கே முடிக்க முடியாது. அந்த நிறுவகம் அங்கீகரித்த அலகும் பயிற்றுநரும் உள்ள இடத்தில் மட்டுமே பயிற்சிக்காலம் கணக்கில் சேரும். எங்கள் கருத்தில் கிழக்குக்காரர் வாய்விட்டுக் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு அலகு அங்கீகாரம் பெற்றால் ரெஜிஸ்ட்ரார்கள் சுழற்சியில் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். வருகை நிபுணர் ஒருவரின் நல்ல மனதில் தொங்குகிற கிளினிக்கைவிட அது உறுதி. ஆனால் பயிற்றுநர் ஒருவர் மட்டும் இருந்து அவரும் இடமாற்றம் பெற்றுப் போனால் அங்கீகாரமும் கூடவே போகும். அதனால் ஒரே துறையில் இருவர் தேவை.

பதினான்கு வருடம் நீளம் என்று பட்டால், டிப்ளோமா வழியும் உண்டு. சிறுபிள்ளை, குடும்ப மருத்துவம், உளமருத்துவம் போன்றவற்றில். குறுகிய காலப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவ உத்தியோகத்தர்கள், உளமருத்துவ நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில், யுத்தமும் 2004 சுனாமியும் அடித்த இந்தக் கரையில் செய்த வேலையைப் பார்த்தவர்களுக்கு அந்த வழி சின்னதாகத் தெரியாது.

கேள்வி: வேறு நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? (ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர், மட்டக்களப்பு)

பதில்: கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க நாடுகள் 1999 இல் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு ஒரு பொதுக் கல்லூரியைத் தொடங்கின. அதற்குச் சுவர் இல்லை. பயிலுனர் தன் நாட்டில், அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் வேலை செய்தபடியே படிக்கிறார். பரீட்சை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. தலைநகரத்துக்கு ஐந்து வருடம் அனுப்பினால் ஆள் திரும்பி வருவதில்லை என்பதுதான் அதன் பின்னால் உள்ள கணக்கு. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1927 முதல் ஒரே சத்திரசிகிச்சைக் கல்லூரியை வைத்திருக்கின்றன. அதே கல்லூரி 1995 முதல் பசிபிக் தீவுகளுக்குக் குழு அனுப்பிவருகிறது. குழு என்பதைக் கவனியுங்கள். சத்திரசிகிச்சை நிபுணரோடு மயக்கமருந்து நிபுணரும் தாதியும் போவார்கள். நோர்டிக் நாடுகள் 1969 இல் இருந்து மாற்று உறுப்புகளை ஒரே பட்டியலில் பகிர்கின்றன.

இவற்றில் நமக்கு நேரே பொருந்துவது முதலாவது. எல்லா மாகாணத்துக்கும் பரீட்சை ஏற்கெனவே நம்மிடம் ஒன்றுதான். பயிற்சி இடங்கள்தான் கொழும்பையும் கண்டியையும் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன.

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் இயந்திரம் ஐந்து நன்கொடையாகத் தர ஒரு குழு முன்வந்திருக்கிறது. சிறுநீரக நிபுணர் மாதம் ஒருமுறை வந்தால் போதுமா? (பள்ளிவாசல் நிர்வாகசபை உறுப்பினர், அம்பாறை மாவட்டக் கரையோரம்)

பதில்: நிபுணர் மாதம் ஒருமுறை வந்து, இடையில் தொலைபேசியில் கிடைத்தால் போதும். தண்ணீரும் தாதியும் நாள்தோறும் வேண்டும். ஒரு சுற்று நான்கு மணிநேரம். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் திரவம் ஓடினால் ஒரு சுற்றுக்கு 120 லீற்றர் சுத்திகரித்த தண்ணீர். நாலு இயந்திரம் ஒரே நேரம் ஓடினால் 480 லீற்றர். சுத்திகரிக்கும்போது வீணாகப் போவதையும் சேர்த்தால் குழாயில் இன்னும் கூட வேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரினைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்ள வேண்டும். வடிகட்டி தேய்ந்தால் குளோரின் நேரே இரத்தத்தில் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் குளோரின் பரிசோதனை செய்து புத்தகத்தில் எழுத வேண்டும். கரையோரத்துக் கிணற்று நீரின் உப்பைப் பார்த்த பிறகே வடிகட்டும் தொகுதியைத் தெரிவு செய்யுங்கள்.

ஐந்தில் ஒன்றை ஒதுக்கி வையுங்கள், பழுதானால் மாற்ற. நாலு இயந்திரம், நாளுக்கு இரண்டு சுற்று, வாரம் ஆறு நாள், நோயாளிக்கு வாரம் மூன்று தரம் என்றால் 16 பேர். பதினேழாவது ஆள் வந்தால் யாருடைய சுற்றையோ வெட்ட வேண்டும். அதை யார் முடிவு செய்வது என்று முதலே எழுதுங்கள்.

தாதியரைப் பெரிய ஆஸ்பத்திரி டயலிசிஸ் அலகுக்கு மாதக்கணக்கில் பயிற்சிக்கு அனுப்ப வேண்டி வரும். இருவரைப் பயிற்றிவிட்டு, வருடாந்த இடமாற்றத்தில் இருவரும் போய்விட்டால் இயந்திரம் ஐந்தும் துணியால் மூடிக் கிடக்கும். ஆகவே நன்கொடைக் கடிதத்தைக் கொடுக்குமுன் பிராந்தியப் பணிப்பாளரிடம் எழுத்தில் மூன்று கேளுங்கள்: குறைந்தது ஆறு தாதியருக்குப் பயிற்சி, பயிற்சி பெற்றவரை இத்தனை வருடம் இந்த அலகிலேயே வைத்திருக்கும் உடன்பாடு, வடிகட்டிக்கும் உதிரிப்பாகத்துக்கும் வருடாந்த ஒதுக்கீடு. பதில் வரும்வரை இயந்திரத்துக்கு ஓடர் கொடுக்காதீர்கள்.